சிரிக்கத் தெரிந்தவரின் சட்டப் புத்தகம்

இலங்கை மலையகத்துத் தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யர் எழுதிய நூல்களின் பட்டியலில் ‘தொழிலாளர் சட்டப் புத்தகம்’ என்று ஒன்று உண்டு. ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்’ என்றும் ஒன்று உண்டு. முன்னது தோட்டத் தொழிலாளியைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று அவனுக்கே எடுத்துச் சொல்ல வந்தது. 1937இல் வெளியான பின்னது, அவன் பிழைப்பை நாடகமாக்கியது. மலையக இலக்கியம் பேசுகிறவர்கள் நாடகத்தை எடுத்துக்கொண்டார்கள். தொழிற்சங்க வரலாறு பேசுகிறவர்கள் சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினை சண்டை சச்சரவில்லாமல் முடிந்துவிட்டது.

எனக்கு இந்தப் பாகப்பிரிவினையில் உடன்பாடில்லை. தோட்ட நிர்வாகத்தையும் அதற்குக் காவல் நின்ற சட்டத்தையும் எள்ளி நகையாடிய எழுத்தாளர் என்று நடேசய்யரைச் சொல்லும்போது நாடகத்தையும் அவர் நடத்திய ‘தேசபக்தன்’ பத்திரிகையையும் துண்டுப் பிரசுரங்களையும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவர் செய்த ஆகப் பெரிய எள்ளல் அந்தச் சட்டப் புத்தகம்தான் என்பது என் கட்சி. அதில் சிரிப்பு மூட்டுகிற ஒரு வரிகூட இல்லாவிட்டாலும் என் கட்சி மாறாது.

ஏன் என்று சொல்ல, கொஞ்சம் லண்டனுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. அதே காலத்தில் அங்கே ஏ. பி. ஹெர்பர்ட் என்றொருவர் ‘பஞ்ச்’ இதழில் கற்பனை வழக்குகள் எழுதிக்கொண்டிருந்தார். ஹாடொக் என்ற வம்புக்காரர் தாம் கட்ட வேண்டிய வருமான வரிக்கான காசோலையை ஒரு பசுமாட்டின் மேல் எழுதி, மாட்டை வரி அலுவலகத்துக்கு ஓட்டிக்கொண்டு போவார். மாட்டை வாங்க மறுத்தது அதிகாரிகள் பிழை, காசோலை காகிதத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்கிற ரீதியில் நீதிமன்றம் பேசும். அந்த வழக்குகள் 1935இல் ‘அன்காமன் லா’ என்ற தொகுப்பாக வந்தன. சில பத்திரிகைகள் அவற்றை நிஜ வழக்குகள் என்றே நம்பி எழுதியதும் உண்டு. அதே 1935இல் ஹெர்பர்ட் ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத் தொகுதியின் உறுப்பினராக நாடாளுமன்றம் போனார். 1937இல் விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தவும் வைத்தார். நம்மவர் 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார், 1937இல் நாடகத்தை வெளியிட்டார். ஆண்டுகள் ஏறக்குறைய ஒத்துப்போனது தற்செயல். கேலி எழுதிய கையே சட்டம் இயற்றும் சபையிலும் உயர்ந்தது என்கிற பொருத்தம் மட்டும் தற்செயலாகத் தோன்றவில்லை.

ஆனால் ஹெர்பர்ட்டுக்கு ஒரு வசதி இருந்தது. அவருடைய வாசகருக்குக் காசோலை தெரியும், வரி தெரியும், நீதிபதியின் தோரணை தெரியும். தெரிந்த ஒன்றைக் கொஞ்சம் கோணலாக்கினால் போதும், சிரிப்பு வந்துவிடும். அட்டனிலும் தலவாக்கலையிலும் லயத்துக் காம்பராவில் படுத்தெழும்பியவருக்கு எந்தச் சட்டம் தெரியும்? கங்காணி வாயால் வந்தது சட்டம். கணக்கப்பிள்ளை கொப்பியில் எழுதியது சட்டம். காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் துரை கையை நீட்டிய திசை சட்டம். உண்மைச் சட்டம் கொழும்பில், ஆங்கிலத்தில், இலக்கமிட்டு அச்சாகி இருந்தது. தன்னைக் கட்டிய கயிற்றைக் கண்ணால் பார்க்காதவனிடம் முடிச்சின் கோணலைச் சொல்லிச் சிரிக்க வைக்க முடியாது. முதலில் கயிற்றைக் காட்ட வேண்டும்.

மலையகத்தில் அச்சு ஏறிய எழுத்தின் தொடக்கத்தைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ வெளியிட்டார். கோப்பி பயிரிடும் முறையைக் கும்மியாகப் பாடிய அந்த நூல் நின்றது துரைமார் பக்கம். பிறகு சின்னத் துரைமார் பையில் வைத்துக்கொள்ள ‘இங்கே வா!’ என்று ஒரு கைநூல். 1915இல் வெல்ஸ் என்பவரின் ‘கூலித் தமிழ்’. ஒரு மொழியைக் கற்பிக்கும் பாடநூலை ஏறக்குறைய முழுக்க ஏவல் வினையிலேயே நடத்திவிடலாம் என்று கண்டுபிடித்த நூல்கள் இவை. மு. நித்தியானந்தன் இந்த வரலாற்றையெல்லாம் தேடிப்பிடித்து எழுதிய புத்தகத்துக்கும் ‘கூலித் தமிழ்’ என்றே பெயர் வைத்தார். அந்தத் தலைப்பில் இருக்கிற குத்தல் ஒரு பக்க விளக்கத்துக்குச் சமம். ஆக, தோட்டத்துக்காக அச்சடித்த தமிழ் முதல் அறுபது ஆண்டுகள் வேலை வாங்கும் தமிழாகத்தான் இருந்தது. கேலி அச்சுக்கு வெளியே, கொழுந்து மலையிலும் கும்மி வட்டத்திலும், துரையையும் கங்காணியையும் வாய்மொழியாகத் தாளித்துக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டுகளில் எழுத்தறிவு இல்லை, பயமும் அவ்வளவாக இல்லை. ஆனால் அவை ஆளைக் கேலி செய்தன. ஆளுக்குப் பின்னால் இருந்த காகிதத்தைக் கேலி செய்ய ஒரு கணக்குப் படித்த ஆள் வேண்டியிருந்தது.

நடேசய்யர் கணக்குப் படித்த ஆள். 1887இல் தஞ்சைப் பக்கம் பிறந்து, வணிகம் கற்பித்து, ‘வர்த்தக மித்திரன்’ என்ற இதழ் நடத்தியவர். இந்தப் பின்னணியை அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறவர்கள் ஒரு பந்தியில் கடந்துவிடுவார்கள். எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. பற்று வரவு தெரிந்த ஒருவர்தான் தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவுடன் அது புனைகதை என்று கண்டுபிடிப்பார். பார்க்கத்தான் விடமாட்டார்கள். தோட்டம் தனியார் நிலம். துரை அனுமதி இல்லாமல் வெளியாள் கால் வைத்தால் அத்துமீறல், பொலிஸ் வரும். ஆனால் புடவை மூட்டை சுமந்து வருகிற வியாபாரியை யாரும் தடுப்பதில்லை. லயத்துப் பெண்களுக்குக் கடனுக்குச் சேலை விற்பவர் தோட்டத்தின் ஒழுங்கைக் குலைப்பவர் அல்லவே. கடன் அந்த ஒழுங்கின் ஒரு பகுதி. நடேசய்யர் புடவை வியாபாரி வேடம் போட்டு உள்ளே போனார். அவர் வாழ்க்கையை எழுதிய சாரல் நாடன் உட்படப் பலரும் இதை வீரச் செயலாகச் சொல்கிறார்கள். வீரம்தான். ஆனால் இதிலுள்ள சிரிப்பையும் கவனிக்க வேண்டும்: கடன் கொடுக்க வந்தால் கதவு திறக்கும், கணக்குக் கேட்க வந்தால் குற்றவாளி. அவர் பிற்பாடு எழுதிய எந்த நாடகத்திலும் இதைவிட நல்ல முதல் காட்சி அமைந்திருக்குமா என்பது சந்தேகம்.

உள்ளே என்ன இருந்தது? துண்டு இருந்தது. இந்தத் துண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இன்றைய இளைஞர்கள் பலர் இதை அறியமாட்டார்கள். துண்டு ஒரு கடுதாசி. துரை எழுதிக் கொடுப்பது. இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இத்தனை ரூபாய் கடன் இருக்கிறது, அதைக் கட்டுகிறவரிடம் ஆட்களை விடத் தயார் என்பது அதன் சாரம். கங்காணி அதை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். ஆள் பஞ்சத்தில் இருக்கும் வேறொரு துரை கடனைக் கட்டுவார். பழைய தோட்டத்தில் கடன் தீர்ந்தது. அதோடு தீர்ந்ததா? அதே தொகை புதிய தோட்டத்தின் பேரேட்டில் அதே ஆட்களின் தலையில் ஏறும். பேரம் படிந்த சந்தோஷத்தில் கங்காணி கூடுதலாக வாங்கியது இருந்தால் அதுவும் சேர்ந்து ஏறும். கட்டக் கட்டக் கடன் வளரும் என்பதை உலகம் அறியும். பிறர் கட்டினாலும் கடன் வளரும் என்று நிரூபித்தது நம் மலைதான். இதில் கையெழுத்துப் போட்டவர் துரை. சுமந்து போனவர் கங்காணி. காசு கொடுத்தவர் இன்னொரு துரை. யாருடைய கடனோ அவர்களை மட்டும் ஒரு கட்டத்திலும் யாரும் கேட்கவில்லை.

1921ஆம் ஆண்டு 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அதே ஆண்டுதான் நடேசய்யரின் ‘தேசநேசன்’ கொழும்பில் தொடங்கியது. ஒழிந்துவிட்டது என்று சட்டம் சொன்னால் மட்டும் போதாது, ஒழிந்தது தொழிலாளிக்குத் தெரிய வேண்டும். தெரியாதவரை அது இருந்துகொண்டேதான் இருக்கும். 1865இன் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, சொல்லாமல் வேலையை விட்டுப் போனவனுக்குச் சிறை. அந்தச் சிறையும் 1921இல்தான் போனது. ஆனால் லயத்தில் யாரிடம் போய், இனிமேல் நீ கிளம்பினால் மறியலுக்குப் போகமாட்டாய் என்று சொல்வது? கங்காணி சொல்வாரா? தன் கோட்டுப் பையைத் தானே கிழித்துக்கொள்கிற கங்காணியை நான் எந்தப் பதிவிலும் பார்த்ததில்லை. எனவே சட்டம் ஒழிந்த பிறகும் அதன் பயம் வேலை செய்தது. இல்லாத சட்டத்துக்கு மனிதர்கள் கீழ்ப்படிந்துகொண்டிருப்பதைவிடப் பெரிய நையாண்டி எது? அதை உடைக்கக் கவிதை உதவாது. இன்ன ஆண்டு, இன்ன இலக்கம், இன்ன பிரிவு என்று தமிழில் அடித்த ஒரு மலிவுப் புத்தகம் உதவும்.

அடுத்து 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம். நடேசய்யர் அப்போது சட்டநிரூபண சபையில் இருந்தார். 1929இல் சம்பளம் நிர்ணயமானது. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. நடுநாட்டில் 52, 41, 31. தாழ்நாட்டில் 50, 40, 30. உயரத்துக்கு ஏற்ற சம்பளம். மேலே போகப் போக வாழ்க்கைச் செலவு கூடும் என்பது கணக்கு. குளிரில் கம்பளி வாங்கியவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் இந்த அட்டவணையை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏற ஏற ஆணுடைய உழைப்பின் மதிப்பு இரண்டிரண்டு சதமாக ஏறுகிறது. பெண் எவ்வளவு உயரம் ஏறினாலும் தாழ்நாட்டு ஆணைக்கூட எட்டமாட்டாள். அந்த இடைவெளியைச் சட்டம் கடக்க 1984 வரை ஆயிற்று. பிள்ளைக்கும் ஒரு நிரல் போட்டிருப்பதை யாரும் விசித்திரமாகக் கருதவில்லை. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும், 1930களின் தொடக்கத்தில், இந்தக் குறைந்தபட்சத்தையும் குறைத்தார்கள். குறைந்தபட்சத்துக்குக் கீழே இன்னொரு குறைந்தபட்சம் இருக்கிறது என்பதைக் கணக்கு வாத்தியாரான நடேசய்யர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று யோசித்துப் பார்ப்பேன்.

இப்படிப்பட்ட அட்டவணைக்கு எழுத்தாளன் எதைச் சேர்ப்பது? சேர்க்காமல் அப்படியே தமிழில் வைத்தாலே போதும். எவன் மேல் அந்தச் சட்டம் ஓடுகிறதோ அவன் முன்னால் அதைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அட்டனில், தோட்ட எல்லைக்கு வெளியே, கடைத்தெருவில் கூட்டம் போட்டுப் பேசிய காலங்களில் நடேசய்யர் செய்ததும் பெருமளவு இதுதான். மனைவி மீனாட்சியம்மாள் பாரதி வழியில் பாட்டுக் கட்டி மேடையில் பாடினார். அந்தப் பாட்டுகள் 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பெயரில் அச்சிலும் வந்தன. எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு அச்சைக் காதுவழியே கொண்டு சேர்த்தார்கள் இருவரும். 1931இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் பிறந்தபோது பெரிய கங்காணிமார் திரண்டு எதிர்க் கூட்டம் போட்டார்கள். யாரோ ஒருவர் கங்காணியைத் திட்டியதற்காக அவ்வளவு பேர் திரண்டிருக்கமாட்டார்கள். திட்டு அவர்களுக்குப் புதிதல்ல. ஒருவர் கணக்கைப் படித்துக் காட்டுகிறார் என்பதுதான் அவர்களைக் கிளப்பிவிட்டது.

சட்டத்தை மொழிபெயர்த்தவரே சட்டத்தைக் கேலியும் செய்வது தமிழில் இது முதல் தடவை அல்ல. அதே தஞ்சைச் சீமையில், இரண்டு தலைமுறைக்கு முன், மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை. 1862இல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துச் ‘சித்தாந்த சங்கிரகம்’ வெளியிட்டார். 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியபோது, தமிழ் நாட்டு நீதிமன்றத்தில் தமிழ் வக்கீல்கள் கட்சிக்காரருக்குப் புரியாத ஆங்கிலத்தில் வாதாடும் கூத்தைப் பிடித்து உலுக்கினார். நம் இலக்கிய வரலாறு நாவலை மட்டும் எடுத்துக்கொண்டு தீர்ப்புத் தொகுப்பை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டது. நடேசய்யருக்கு நடந்ததுதான் அவருக்கும் நடந்தது. ஆனால் பதினேழு ஆண்டுகள் முந்திய அந்தத் தொகுப்பு இல்லாமல் நாவலின் எள்ளல் வந்திருக்குமா? மக்களுக்குத் தமிழில் சட்டம் கொடுக்கலாம் என்று செய்து காட்டிய பிறகுதான், கொடுக்காமல் இருப்பது சிரிப்புக்குரியதாகிறது. அதற்கு முன் அது வெறும் வழக்கம்.

நடேசய்யரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட நான் வரவில்லை. அவர் எழுத்தில் குரல் உயர்ந்தே இருக்கும். கேலி செய்ய வேண்டிய இடத்தில் பிரசங்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். 1931இல் அவர் எழுதிய ‘ராமசாமி சேர்வையின் சரிதம்’ மலையகத்தின் முதல் சிறுகதை என்பது தெளிவத்தை ஜோசப்பின் கணிப்பு. முதலாவது என்ற மரியாதை அதற்கு உண்டு. சிறந்தது என்ற மரியாதையை அவரே கேட்டிருக்கமாட்டார். ‘பிளாண்டர் ராஜ்’ என்று ஆங்கிலத்தில் எழுதியபோது துரைமாரின் மொழியிலேயே துரைமாரைக் குத்தினார், சரி. ஆனால் சம்மேளனம் மந்த காலத்தோடு தேய்ந்தது. 1939இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் வந்ததும் அவர் ஓரமாகிப் போனார். 1947 தேர்தலில் தோற்றார். அந்த நவம்பரில் இறந்தும் போனார். சட்டம் தெரிந்துகொண்ட தொழிலாளர்கள் அவருக்கு வாக்குப் போடவில்லை என்பதில் நான் பெரிய துரோகம் எதையும் காணவில்லை. தெரிந்துகொண்டவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

அவர் பார்க்காமல் போனது அடுத்த ஆண்டு வந்தது. 1947இல் மலையகம் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றம் அனுப்பியது. தலவாக்கலை உறுப்பினர் சி. வி. வேலுப்பிள்ளை, வட்டகொடை மடகொம்பைத் தோட்டத்தில் பிறந்த கவிஞர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. மலையகத் தமிழர் என்ற சொல் அதில் எங்குமே கிடையாது. வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய், சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்துக்கும் எதிராக எதுவும் இல்லை என்கிற வாதம் நின்று, 1953இல் தள்ளுபடியானது. உறுப்பினர் சபையில் இருக்க, அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் வாக்காளர் பட்டியலில் இருந்து கழன்று போனார்கள். 1952 தேர்தலில் அந்த ஏழு பேரின் இடத்துக்கு மலையகத் தமிழர் ஒருவரும் போகவில்லை. ஹெர்பர்ட்டின் ஹாடொக் பசுமாட்டில்தான் எழுதினார். இங்கே சட்டம் எழுதியவர்கள் காற்றில் எழுதி மனிதர்களைக் கரைத்தார்கள்.

1949இன் சட்டம், விண்ணப்பித்தால் உரிமை உண்டு என்றது. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள். கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. இடைவிடாத வதிவுக்குச் சான்று கொடு என்றார்கள், துரையின் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் பெயரே எழுதப்படாத ஆட்களைப் பார்த்து. வேலுப்பிள்ளை இந்த உலகத்தை ஆங்கிலத்தில் ‘போர்ன் டு லேபர்’ என்ற சித்திரங்களாகவும் தமிழில் நாவல்களாகவும் எழுதினார். நாட்டார் பாட்டுகளையும் தேடித் தொகுத்தார். அவருடைய கேலி நடேசய்யருடையதைவிட மென்மை. கங்காணியைக்கூட மனிதனாக்கிவிடுவார். சட்டசபை உறுப்பினராக இருந்து தன் வாக்காளர்களைச் சட்டத்தாலேயே இழந்த ஒருவரிடம் அந்த மென்மை எப்படித் தங்கியது என்பது என்னை இன்னும் மடக்குகிற கேள்வி. ஒருவேளை உரத்துச் சிரிக்க அவருக்கு மனம் வரவில்லையோ என்னவோ.

சட்டம் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை என்பதற்கு 1937இலேயே ஒரு சான்று உண்டு, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். மடுல்கெலை ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத் துரையாகப் பழக வந்த பிரேஸ்கேர்டில் என்ற ஆஸ்திரேலியர், தொழிலாளர் பக்கம் சாய்ந்து ஏப்ரல் 3ஆம் தேதி நாவலப்பிட்டியில் மேடை ஏறினார். தேசாதிபதி அவரை நாடு கடத்தக் கட்டளையிட்டார். ஆள் தலைமறைவு. பிறகு கூட்டத்தில் வெளிப்பட்டார். பிடித்தார்கள். மே 18இல் உயர் நீதிமன்றம் கட்டளை செல்லாது என்று விட்டது. வெள்ளைத் துரையைச் சட்டம் காப்பாற்ற ஆறு வாரம் போதுமாக இருந்தது.

இன்றைக்கு வருவோம். இப்போது துரைமார் மேனேஜர்மார், துண்டு இல்லை, சிறை இல்லை. சம்பளச் சீட்டு இருக்கிறது. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாட் சம்பளம் 730 ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. அடிப்படை 500. வரவுக்கு 60. உற்பத்தித் திறனுக்கு 140. விலைப் பங்கு 30. வேலை கொடுத்த நாட்களில் முக்கால் பங்கு வந்திருந்தால்தான் அந்த 60. நிர்ணயித்த கிலோவைத் தொட்டால்தான் அந்த 140. மழை பெய்து கொழுந்து அருகிய மாதத்தில், மகளுடைய பிள்ளைப் பேற்றுக்கு இரண்டு நாள் நின்ற ஒருத்திக்கு, 730 எங்கேயோ தூரத்து மலையில் தெரிந்தது. கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாட் சம்பளம். தராசில் கூடைக்கும் தண்ணீருக்கும் கழிவு. அந்தக் கழிவு எத்தனை கிலோ என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டால், “அது வழமைதானே அம்மா” என்பார். 2019இல் அடிப்படை 700 ஆனது. கூடவே அந்த 60ம் 140ம் காணாமல் போயின. ஏற்றியதையும் இறக்கியதையும் ஒரே கூட்டத்தில் கைதட்டி முடித்தார்கள்.

2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் அன்றைய ஜனாதிபதி 1,700 என்று வர்த்தமானியோடு சொன்னார். தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. வர்த்தமானியைத் திரும்பப் பெற்றார்கள். செப்டெம்பரில் 1,350இல் வந்து நின்றது. கேலி எழுதுகிறவருக்கு இதில் வேலையே இல்லை. திகதிகளை வரிசையாக வைத்தால் போதும்.

இன்னொன்று. ஒரு மாரியாயியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோலில் மாரியாயி. அடையாள அட்டையில் மாரியாய். சேமலாப நிதிப் பதிவில் ஏதோ ஒரு கிளாக்கர் ஐயாவின் இலக்கண உணர்வால் மாரியம்மாள். நாற்பது வருடம் கொழுந்து எடுத்தபோது மூவரும் ஒரே ஆள்தான். ஒருத்திக்கும் சம்பளம் கூடுதலாகக் கொடுக்கவில்லை. ஓய்வு பெற்றுப் பணம் கேட்கும் நாளில் மூன்று பேராகப் பிரிந்துவிடுகிறார்கள். மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க, வேலைக்குப் போகாமல், பஸ் ஏறி நகரத்துக்குப் போக வேண்டும். பேரன் படித்தவனாக இருந்தால், “அப்பாயி, நீ கையெழுத்துப் போடுற இடத்துல வாய தொறக்காத, நான் பேசிக்கிறேன்” என்று சொல்லிக் கூட்டிப்போவான். இதே மாரியாயி பிரதேச சபைக்கு வாக்குப் போடலாம். ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 33ஆம் பிரிவின்படி, அந்தச் சபை அவள் லயத்துக்குப் போகும் பாதைக்குக் கல் போட முடியாமல் இருந்தது, அது தோட்டத்து நிலம். 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பாதையில் இருந்த குழிகளுக்கு ஒரு சட்டப் பிரிவு இலக்கம் இருந்தது.

இவற்றைக் கதையாகப் பலர் எழுதியிருக்கிறார்கள், தெளிவத்தை ஜோசப் முதலாக. ஒரே காம்பராவுக்குள் தலைமுறைகள் நெருக்கிப் படுக்கும் அவலத்தை ‘மீன்கள்’ எழுதிக் காட்டியது. ஆனால் அந்த 60 ரூபாய், அந்த 140 ரூபாய், அந்தக் கூடைக் கழிவு, அந்தச் சத்தியக் கடதாசி என்று பிரிவு பிரிவாக, இலக்கம் போட்டு, கொழுந்து எடுப்பவருக்குப் புரியும் தமிழில் ஒரு மலிவுப் புத்தகம் எழுதியவர் இப்போது யார்? சங்கங்கள் சந்தாப் பத்திரம் அச்சடிக்கின்றன, மே தினச் சுவரொட்டி அச்சடிக்கின்றன. நகரத்துக் காரியாலயத்தில் கேட்டால், தலைவரைப் பார்த்துப் பேசுங்கள் என்று அனுப்புவார்கள். தலைவர் தெரிந்தவர்தான், ஆனால் தெரிந்ததைச் சொல்லிவிட்டால் அவரை யார் பார்க்க வருவார்கள்? பழைய கங்காணியின் கோட்டுப் பையை இப்போது யார் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நடேசய்யரின் இரண்டு நூல்களையும் ஒரே அட்டைக்குள் போட்டு மறுபதிப்புச் செய்ய யாராவது முன்வந்தால், பதிப்பாசிரியருக்கு ஒரு சிக்கல் வரும். நாடகத்தை முன்னால் வைப்பதா, சட்டப் புத்தகத்தை முன்னால் வைப்பதா? இலக்கிய ஆசை உள்ளவர்கள் நாடகத்தை முன்னால் போடச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், சட்டப் புத்தகம் முதலில். விலையை ஒரு நாட் சம்பளத்துக்குள், அதிலும் அரைப் பேருக்குள், வைக்க முடிந்தால் நல்லது.